கரப்புடுப்பா, இரும்புக் கவசமா: எங்கள் கேமுக்குப் பாணி தேடிய கதை

பெரியமாமா வீட்டு விறாந்தை மூலையில் ஒரு கரப்புடுப்பு எப்போதும் நிற்கும். சதங்கை, கண்ணாடித் துண்டு பதித்த புஜகிரீடம், நிறம் மங்கிய மார்புப் பதக்கம் எல்லாம் பூச்சி உருண்டையோடு தகரப் பெட்டிக்குள் கிடக்க, பெட்டிக்குள் அடங்காத சாமான் அது ஒன்றுதான். கரப்பு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று மீனின் மேல் கவிழ்த்துப் பிடிக்கிற கூடை. மேலே ஒடுங்கி, கீழே அகன்றிருக்கும். எங்கள் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை; வடமோடியில் ராசா உடுக்கும் உடுப்புக்கும் அதே வடிவம், அதனால் அதே பெயர். மாமாவிடம் இருப்பதில் பிரம்பு வளையங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டி, மேலே சரிகைத் துணியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இடுப்பில் கட்டிப் பார்த்தேன். கதவு நிலையில் வளையம் இடித்தது. ஒரு பக்கத்தை மடக்கிப் பிடித்துக்கொண்டுதான் முற்றத்துக்கு வர முடிந்தது.

நான் அதை உடுத்தது கூத்தாட அல்ல, ஒரு கேமுக்காக.

நாங்கள் மூன்று பேர். நான் படம் வரைகிறேன். மருதமுனைத் தம்பி ஒருவர் கோட் எழுதுகிறார். என் அக்கா கதை எழுதுகிறா. மட்டக்களப்பு வாவிக்கரையில் நடக்கும் மாயக்கதை: இரண்டு அரசுகள், ஒரு கோட்டை, நிலாக் காலத்தில் பாடும் மீன்கள். விளையாடுகிறவர் ஆறு பாத்திரங்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகவேண்டும். ஆளுக்கு மூன்று உடுப்பு. கதையில் எங்களுக்குள் பெரிய சண்டை இல்லை. போன மாரி முழுக்க நாங்கள் முகம் சுளித்தது ஒரே விஷயத்துக்குத்தான்: எந்தப் பாணியில் வரைவது, எதை உடுத்துவது?

தம்பிக்கு நிஜம் போன்ற முப்பரிமாணம்தான் வேண்டும். 2015இல் வந்த விச்சர் 3, 2022இன் எல்டன் ரிங், 2023இன் பால்டர்ஸ் கேட் 3 என்று வரிசையாகக் காட்டினார். துணியின் நூல் தெரிகிறது, கவசத்தின் கீறல் தெரிகிறது, ஈரத்தில் தோல் மினுங்குகிறது. ஆசை வராதா? வந்தது. ஒரே ஒரு பாத்திரத்தை எடுத்து மூன்று மாதம் பின்னேரங்களில் குந்தியிருந்து செய்தேன். வந்து நின்றது சேலைக்கடை வாசலில் நிற்கும் பொம்மை. முகம் நிஜத்தை நெருங்க நெருங்கத்தான் கண்ணும் உதடும் பண்ணும் சின்னப் பிழை பெரிதாகத் தெரிகிறது. கார்ட்டூன் முகத்தில் அதே பிழையை யாரும் கவனிப்பதில்லை. மேலே சொன்ன கேம்களைச் செய்தவை நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் பெரிய நிறுவனங்கள். நாங்கள் மூன்று பேர், இரண்டு லப்டொப்.

இந்தப் பாணியோடு உடுப்பு விஷயமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நிஜம் போல வரைந்தால் பார்க்கிறவரும் நிஜமான கேள்வி கேட்பார். 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் முழு இரும்புக் கவசம் கிட்டத்தட்ட 15 முதல் 25 கிலோ. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த உடுப்பு வேறு. கச்சான் வீசுகிற ஆடி மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு வயல் வரம்பில் ஓடச் சொன்னால், எதிரி தேவையில்லை, வெயிலே ஆளை விழுத்திவிடும். பெண் வீரர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கிற கவசம் இன்னும் மோசம்: மார்பில் இரண்டு குவடு அடித்து வைத்திருப்பார்கள். குத்துகிற வாள் வழுக்கி வெளியே போகாமல் நேரே நடு நெஞ்சுக்கு வந்து சேர அதைவிட நல்ல வழி கிடையாது. அக்கா படத்தைப் பார்த்துவிட்டு, "இத உடுத்தா நாத்து நடவும் ஏலா, சண்ட புடிக்கவும் ஏலா" என்றா. அத்தோடு அந்த உடுப்பு போனது.

ஆனால் இரும்புக் கவசத்தை முற்றாகத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இரும்பு போட்டவர்கள் இந்த வாவிக்கு வந்துதான் இருக்கிறார்கள். ஆகவே எங்கள் கேமில் கவசம் கோட்டைக்குள் இருக்கும் வந்தேறிகளுக்கு மட்டும். அவர்கள் வெயிலில் மெதுவாகத்தான் நடப்பார்கள். இது தம்பிக்கும் பிடித்தது; வேகத்தைக் குறைக்க அவருக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது.

அடுத்தது மிகைப்படுத்திய பாணி. இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் 2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். தோளில் ஆளைவிடப் பெரிய கவசம், கையில் கதவளவு வாள். முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அதற்கு முந்திய வார்கிராஃப்ட் 3ஐப் பார்த்தேன், 2002இல் வந்தது. அதில் கேமரா உயரத்தில் இருந்து கீழே பார்க்கிறது. ஆள் திரையில் பெருவிரல் நகத்தளவு. மேலிருந்து பார்க்கும்போது ஒருவரில் என்ன தெரியும்? தலை, தோள், ஆயுதம். அதனால் அந்த மூன்றையும் ஊதிப் பெருப்பித்தார்கள். அந்த வழக்கம் அடுத்த கேமுக்கும் வந்து சேர்ந்தது. வெளிச்சத்தையும் நிழலையும் துணியிலேயே கையால் தீட்டிவிடுவதால் பழைய கொம்பியூட்டரிலும் ஓடும்.

இதை மாமாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது அவர் புஜகிரீடத்தை எடுத்து என் தோளில் வைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. தோளுக்கு மேல் ஒரு சாண் உயர்ந்து நின்றது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கூத்து ஆடுவது வட்டக்களரியில். நான்கு பக்கமும் சனம். நல்ல இடம், கெட்ட இடம் என்று இல்லை. எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் ராசா ராசாவாகத் தெரியவேண்டும். இரவு முழுக்க ஆட்டம், பழைய காலத்தில் பந்த வெளிச்சம், பிறகு பெற்றோல்மாக்ஸ். பின்வரிசைக் கிழவிக்கு முகம் தெரியாது. அதனால் கிரீடம் உயர்ந்தது, தோள் அகன்றது, இடுப்புக்குக் கீழே கரப்பு விரிந்தது. கரப்பு வட்டம், அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கண்ணாடித் துண்டு இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடித்து எறியும். வார்கிராஃப்ட் ஓவியர்களுக்கு இருந்த அதே சிக்கல், கிட்டத்தட்ட அதே விடை. நாங்கள் இந்த விடையை மாமா வீட்டு விறாந்தையில் வைத்துக்கொண்டு இணையம் முழுக்கத் தேடியிருக்கிறோம்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவர்களை வைத்துக் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனார்; விடிய விடிய ஆடியது மணிக்கணக்கில் சுருங்கியது. பார்க்கிறவர் ஒரே பக்கத்தில் இருக்கிறார் என்றானதும் ஆட்டத்தின் போக்கும் மாறத்தான் செய்யும். கேமுக்கும் அப்படித்தான். கேமரா எங்கே நிற்கப்போகிறது என்று முடிவெடுக்காமல் உடுப்பு வரைவது, களரி எங்கே என்று கேட்காமல் வேஷம் கட்டுவது மாதிரி. இதை முதலில் முடிவெடுத்திருந்தால் எங்களுக்கு அரைவாசிச் சண்டை மிச்சம். மேலிருந்து சற்றுச் சரிந்து பார்க்கும் கேமரா என்று பிறகுதான் தீர்மானித்தோம்.

ஜப்பானியப் பாணிக்கு வருகிறேன். என் மனம் உண்மையில் அங்கேதான் கிடந்தது, ஆகவே கொஞ்சம் பக்கச்சார்பாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1986இல் டிராகன் குவெஸ்ட் வந்தபோது அதன் பாத்திரங்களை வரைந்தவர் அகிரா தொரியாமா: உருண்டையான கோடு, சிரிப்பு வரவழைக்கும் பேய்கள். அடுத்த வருஷம் வந்த ஃபைனல் ஃபேன்டசிக்கு யோஷிதாகா அமானோ: நீர்வண்ணத்தில் கலைந்து போகிற மெல்லிய கோடு, காற்றில் அலையும் துணி. ஒரே நாடு, ஒரே வகைக் கேம், இரண்டும் இரண்டு துருவம். "அனிமே பாணி" என்று ஒரே சாக்கில் கட்டுவது எவ்வளவு பிழை என்பதற்கு இதுவே போதும். பிறகு தெட்சுயா நொமுரா வந்தார். அவர் பத்தாவது ஃபைனல் ஃபேன்டசியில் லூலு என்ற பெண்ணுக்குப் பாவாடையின் முன்பக்கம் முழுக்க பெல்ட்டாலேயே போட்டார். பார்க்க அழகு. அதை நகரும் உருவமாக்கச் சொல்லி என்னிடம் தந்திருந்தால் நான் மீன்பிடிக்கப் போயிருப்பேன்.

முப்பரிமாண உருவத்துக்குத் தட்டையான நிறமும் கறுப்புக் கோடும் கொடுத்துக் கார்ட்டூன் போலக் காட்டும் முறைக்கு செல் ஷேடிங் என்று பெயர். 2002இல் செல்டாவின் விண்ட் வேக்கர் அப்படி வந்தபோது, சின்னப்பிள்ளை விளையாட்டு என்று பலர் நையாண்டி பண்ணினார்கள். இன்றைக்கு அதைப் போட்டுப் பாருங்கள், கண்ணை உறுத்தாது. அதே காலத்தில் நிஜம் போல என்று செய்த பல கேம்களின் முகத்தை இன்று பார்க்க முடியவில்லை. இது இந்தப் பாணிக்குப் பெரிய புள்ளி. குறை என்னவென்றால், பெரிய கண், சின்ன மூக்கு, கூரான நாடி என்று எல்லா முகமும் ஒன்றுபோல ஆகிவிடும். ஆளை ஆள் பிரிக்கிற பாரம் முழுக்கத் தலைமயிரிலும் உடுப்பிலும் விழும். ஊதா மயிரும் வெள்ளி மயிரும் வைத்து வாவிக்கரைச் சனத்தை எத்தனை பேராகப் பிரிப்பது?

இன்னொரு சிக்கல் சேலை. நொமுராவின் பெல்ட்டைவிட மோசமானது எங்கள் அம்மாமாரின் பன்னிரண்டு முழம் துணிதான். கவசத் துண்டு இறுக்கமானது. முப்பரிமாண உருவத்தை அசைக்க உள்ளே வைக்கும் எலும்போடு கட்டிவிட்டால் கை போகிற பக்கம் போகும். கொய்சகம் அப்படியல்ல. ஒவ்வொரு அடிக்கும் விரிந்து மடிகிறது. முந்தானை காலுக்குள்ளால் புகுந்து மறுபக்கம் வருகிறது. துணியின் அசைவைக் கணக்குப்போட்டுக் காட்டலாம், ஆனால் மலிவான போன் சூடாகிவிடும். கரப்புடுப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. வளையம் வளையமாக இறுகிய கூம்பு. வளையத்துக்கு ஒரு எலும்பு வைத்து லேசாக ஆடவிட்டால் போதும். யாரோ முப்பரிமாணத்துக்கென்றே கண்டுபிடித்த உடுப்பு மாதிரி.

கடைசியாகப் பிக்சல், புள்ளி புள்ளியாக வைத்து வரைவது. அக்காவின் கட்சி. முதல் ஃபைனல் ஃபேன்டசியில் ஊருக்குள் நடக்கும் ஆள் 16க்கு 16 புள்ளி. அந்தக் காலத்து ஃபாமிகொம் கேம் இயந்திரம் ஒரு உருவத் தட்டுக்கு மூன்று நிறம்தான் கொடுத்தது, நாலாவது வெறும் வெளி. அதற்குள் கூர்த் தொப்பி, இருண்ட முகம், இரண்டு கண் என்று வைத்தார்கள். இன்றைக்கும் அவர் கறுப்பு மந்திரவாதி என்று பிள்ளைகளுக்குத் தெரியும். எனக்கு 32 புள்ளி உயரமும் விரும்பிய நிறமும் இருக்கிறது. அழ எனக்கு நியாயமே இல்லை.

பிக்சலில் முதல் உடுப்பு மலிவு, முப்பதாவது உடுப்பு விலை. இதைத் தான் யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. நாலு திசை, திசைக்கு மூன்று படம்: ஒரு உடுப்புக்கு 12. ஆறு பேர், ஆளுக்கு மூன்று உடுப்பு: 216 படம். இது நடை மட்டும், சண்டை தனி. முப்பரிமாணத்தில் கதை தலைகீழ். முதல் ஆள் உயிரை வாங்குவார். அதன்பின் அதே எலும்பில் உடுப்பை மாற்றி மாற்றி மாட்டலாம். என் கைவேகத்துக்குத் தம்பி கணக்குப் பார்த்தார். பிக்சலில் உடுப்புக்கு நாலு நாள். 18 உடுப்புக்கு 72 நாள். முப்பரிமாணத்தில் தொடக்க வேலைக்கு 90 நாள், பிறகு உடுப்புக்கு இரண்டு நாள், மொத்தம் 126. உடுப்பு 45ஐத் தாண்டினால்தான் முப்பரிமாணம் எங்களுக்கு லாபம். உங்கள் கேமில் கடைக்குப் போய் நூறு சட்டை வாங்கலாம் என்றால் இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்.

சரி, வலப்பக்கப் படத்தைக் கண்ணாடி போலத் திருப்பி இடப்பக்கத்துக்குப் பாவித்தால் உடுப்புக்கு மூன்று படம் மிச்சம் என்று நினைத்தேன். பழைய கேம்கள் பலவும் செய்த வேலைதான். வீரன் திரும்பும்போதெல்லாம் வாள் கை மாறும், யாரும் கவனிக்கமாட்டார்கள். அக்கா கவனித்தா. வாளை அல்ல. "ஏன்டா இவள் அந்தப் பக்கம் திரும்பினா முந்தானை வலத் தோளுக்குப் போகுது?" பார்த்தால் உண்மை. இடத் தோளில் கிடந்த முந்தானை ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் மறுதோளுக்குத் தாவியிருந்தது. ஒருமுறை கண்டபின் எனக்கும் அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. சேலை கட்டியவர்களுக்கு இரண்டு பக்கமும் வரைந்தேன். கரப்புடுப்பு இரண்டு பக்கமும் ஒன்றுதான். அதைத் திருப்பினால் ஒரு பாவமும் இல்லை. அதோடு கரப்புக்குக் கீழே கால் நாலு புள்ளிதான் தெரிகிறது. வளையத்தின் கீழ்விளிம்பை ஒரு புள்ளி இடம், ஒரு புள்ளி வலம் தள்ளினால் ராசா நடக்கிறார்.

பிக்சலில் தோற்றது தம்பியின் வாப்பா. அவர் வீட்டில் தறி உண்டு. மருதமுனைச் சாரத்தின் கட்டத்தைக் கேமில் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டுத் துணித் துண்டு அனுப்பியிருந்தார். 32 புள்ளிக்குள் கட்டம் போட்டால் அது கட்டமாகத் தெரியவில்லை, ஆளுக்கு அம்மை போட்டது மாதிரித் தெரிந்தது. கடைசியில் கரையின் நிறத்தை மட்டும் ஒரு வரியாக எடுத்தேன். மனிதருக்கு அது போதவில்லை, நியாயம்தான்.

ஆயத்தமாகக் கிடைக்கும் பாத்திரப் படங்களைப் பாவிக்கலாமே என்றும் யோசித்தோம். கேம் செய்ய உதவும் மென்பொருளான ஆர்பிஜி மேக்கர் எம்விக்குள் 48க்கு 48 புள்ளியில் ஆட்கள் தயாராக நிற்கிறார்கள். அந்த முகங்களை இந்த வகைக் கேம் விளையாடுகிற எல்லோரும் பத்துத் தடவை பார்த்திருப்பார்கள். பழகிப் பார்க்க நல்லது, வெளியிட வேண்டாம்.

முடிவெடுக்கு முன் ஒரு சோதனை வைத்தேன். நாலு பாணியிலும் வரைந்த பாத்திரங்களை முழுக் கறுப்பாக்கி, நிழல் மட்டும் தெரிய, பெரியமாமியிடம் போனை நீட்டினேன். மாமி கேம் விளையாடியதில்லை, கூத்து எத்தனையோ பார்த்தவ. கரப்பும் கிரீடமும் வைத்த பிக்சல் நிழலைக் கண்டதும், "இது ராசா மனே" என்றா. தோள் பெருத்ததற்கும் அதே பதில். அனிமே பெடியனின் நிழலைப் பார்த்து, "இதென்ன, சேவலா?" தலைமயிர் அப்படி. இரும்புக் கவசக்காரனைக் கனநேரம் பார்த்தா. "தண்ணித் தாங்கியா?"

சோதனை நியாயமானதில்லை என்று தம்பி வாதாடினார். கொழும்பிலோ கனடாவிலோ இருக்கிற பெடியனுக்குக் கரப்பு என்ன, கம்பிக்கூண்டு என்ன. அது சரிதான். ஆனாலும் அவனுக்கும் ஒரு ஆளிலிருந்து இன்னொரு ஆளைப் பிரித்துத் தெரிந்தால் போதும். பெயர் பிறகு தெரியவரும்.

உடுப்புகளைக் கலப்பதில்தான் மாமாவோடு முட்டிக்கொண்டோம். வடமோடிக் கரப்பைப் போர்வீரனுக்கும், தென்மோடியின் பாரமில்லாத உடுப்பையும் பூமுடியையும் மந்திரக்காரிக்கும் கொடுத்து ஒரே கூட்டமாக நடக்கவிட்டிருந்தேன். மாமா திரையைப் பார்த்துவிட்டு, "ரெண்டையும் ஒரு களரியில ஏத்தினா அது கூத்துமில்ல, உங்கட கேமுமில்ல" என்றார். கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து அதுவே கதைக்கு வழி திறந்தது: இரண்டு அரசு இருக்கிறதே, ஒன்று வடமோடி, மற்றது தென்மோடி. வடமோடியில் பெரும்பாலும் போர்க்கதை என்பதால் அந்த அரசுக்குப் படை பலம். எல்லை தாண்டும்போது உடுப்பைப் பார்த்தே எந்த நாடென்று தெரியும். அறிவிப்புப் பலகை தேவையில்லை.

இரண்டு விஷயத்தை வேண்டாம் என்று விட்டோம். முகத்துக்குப் பச்சை பூசினால் திரையில் எடுப்பாக இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. அது கேரளத்துக் கதகளியின் பச்சை வேஷம், எங்களுடையதல்ல. மற்றது கண்ணகை அம்மன் சடங்கின் உடுப்பும் சாமான்களும். வைகாசியில் ஊரே விரதம் இருந்து செய்யும் காரியத்தைப் பேயைக் கொன்றால் பெட்டிக்குள் கிடைக்கும் பொருளாக்க எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் மனமில்லை.

ஆக, நடமாடுவதெல்லாம் 32 புள்ளிப் பிக்சல். வடிவங்கள் களரியிலிருந்து: உயர்ந்த கிரீடம், அகன்ற தோள், விரிந்த கரப்பு. ஒரு பாத்திரம் முதல் தடவை வரும்போது மட்டும் திரை நிறைய ஒரு பெரிய படம், கூத்தில் வரவு பாடுகிற மாதிரி. அந்தப் படங்களை நான் ஆசைப்பட்ட மெல்லிய கோட்டில், நீர்வண்ணத்தில் வரைகிறேன். சேலை அங்கே அசையவேண்டியதில்லை, அதனால் கொய்சகம் ஒவ்வொன்றையும் ஆறுதலாகப் போடலாம். வாப்பாவின் சாரக் கட்டமும் அதில் வந்துவிட்டது; பார்த்துவிட்டு இன்னும் இரண்டு துண்டு அனுப்பியிருக்கிறார். முப்பரிமாணத்தைத் தம்பி அடுத்த கேமுக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்.

ராசாவுக்கு முன்னால் வந்து அவர் வரவைச் சொல்கிற கட்டியகாரன்தான் எங்கள் கேமில் விளையாடும் முறையையும் சொல்லித்தருகிறார். அவர் கையில் கம்பு இருக்கிறது. திருப்பிப் போட்டால் கம்பு கை மாறும், மாமா கண்டுபிடித்துவிடுவார். அந்த மூன்று படம் இன்னும் பாக்கி.